பெயர் கேட்காத இசை

கம்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை அழைத்துச் செல்கின்றன. என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கையில். பல ஆண்டுகளாக அப்படிப் போய்வரும் என் சித்தியிடம், எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். "பாட்டே இல்லாம வெறும் மியூசிக் போடுவான்ல, அதுதான். அதுல எவனும் எனக்குப் புத்தி சொல்லலடி" என்றார்.

திரைப்பாடலின் பெண்குரலுக்கும் பெரும்பாலும் ஆண்களே சொற்களை எழுதியிருக்கிறார்கள். எப்போது நாண வேண்டும், யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சொல்லில்லாத இசையும் அழவைக்கும்; எதற்காக அழுகிறாய் என்று கேட்காது.

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பின் பெயரே ஒரு கேள்வி: 'ஹவ் டு நேம் இட்?' இதற்கு எப்படிப் பெயர் வைப்பது? தியாகராஜர், பாஹ் இருவருக்கும் காணிக்கையான அதில் வயலின்கள் முன்நின்றன. அதே ஆண்டு வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் தீம் இசையில் சிந்தசைசரும் சீக்வென்சரும் முன்னுக்கு வந்தன.

இந்த மின்னணு ஒலியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. நாதசுரம் என்றால் கல்யாணம், பறை என்றால் சாவு என்றே பலருக்கும் பழகியிருக்கிறது. எந்தச் சாதி வாசிக்கும், எந்தத் தெருவில் நிற்கும், பெண் அதைத் தொடலாமா என்பதெல்லாம் ஒலியோடு சேர்ந்தே வருகிறது. சிந்தசைசருக்கு அந்தப் பூர்வீகம் இல்லை. எந்தச் சடங்குக்கும் நேர்ந்துவிடப்படாத ஒலி அது. யாரும் தன் துக்கத்தோடு அதற்குள் நுழையலாம்.

ஆனால் கருவிக்குப் பூர்வீகம் இல்லை என்பதால், அது இருக்கும் அறைக்கும் இல்லை என்று ஆகாது. அந்த விசைப்பலகைகளின் முன் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வாசல் திறந்திருந்தால் பலசாலிதான் முதலில் நுழைவான். சொல்லற்ற அதே இசை, கதாநாயகன் அரிவாளோடு நடந்துவரும்போது ஒலித்தால் பொருள் அவனுடையதாகிவிடுகிறது.

பெண்களிடம் சொல் இல்லாமலும் இல்லை. தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அவர்கள் கட்டியவை. செத்தவரை அழும் சாக்கில் உயிரோடிருப்பவர்களின் கணக்கையும் கேட்டவர்கள் நம் பாட்டிமார். ஆகவே சொல்லின்மையே விடுதலை என்று சொல்லமாட்டேன். வாயடைக்கப்பட்டவளின் மௌனமும் வெளியிலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பிறகு பேச இடம் இருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. ஒரு பெண் கண்கலங்கினால் நாம் உடனே பெயர் வைக்கிறோம்: காதல் தோல்வி, மாதவிலக்கு, புருஷன் அடித்திருப்பான். அக்கறையால்தான் வைக்கிறோம். ஆனால் பெயர் வைத்ததும் அவள் சொல்வதைக் கேட்க வேண்டிய தேவை நமக்குப் போய்விடுகிறது. அந்த இசை கற்றுத்தரும் அறம் இதுதான்: பெயரில்லாத உணர்வும் உண்மைதான், அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுடையது, அவளுக்குத் தோன்றும்போது.

அந்த இசையில் எதை நினைத்துக்கொள்வீர்கள் என்று சித்தியிடம் கேட்க வாயெடுத்தேன். பதிலை நானே தயாராக வைத்திருந்தது தெரிந்தது, கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "மேட்டுல வளைவு வர்றதுக்குள்ள மாத்திருவான். அதுவரைக்கும் நல்லா இருக்கும்."