சுவாதி மீனும் ஆன்ம பக்குவமும்



ஆடித் திங்கட் சுவாதி, நம் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அவர்தம் தோழராகிய சேரமான் பெருமாள் நாயனாரும் திருக்கயிலை சேர்ந்த திருநாள். அந்நாட்குப் பெயர் தந்த மீனை, மேகம் மறையாதாயின், அன்று மாலை மேற்றிசை வானில் யாவரும் வெறுங் கண்ணாற் காணலாம். சப்தரிஷி மண்டலத்து வால் வளைவைத் தொடர்ந்து நோக்கின், செம்மஞ்சள் நிறத்ததாய் விளங்குவது அதுவே. மேனாட்டார் அதனை ஆர்க்டியூரஸ் என்பர்.

அதன் பொருண்மை சூரியனதினும் சிறிதே மிக்கது. குறுக்களவோ ஏறத்தாழ 25 மடங்கு. இது முதுமையால் வந்த பெருக்கம். நடுவிலிருந்த ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாய்த் தீர்ந்தது. தீரவே, நடுப்பகுதி சுருங்கிற்று, அதனைச் சூழ்ந்த அடுக்கில் எரிவு மூண்டது, புறவுடல் விரிந்தது. சூரியன் மேற்பரப்பு 5,800 கெல்வின் அளவினதாக, இது 4,300 அளவிற்குத் தணிந்தது. வெம்மை குறையினும், பரப்பு மிகுதியால் ஒளி சூரியனினும் நூறு மடங்கிற்கு மேற்பட்டது. இனிப் புறவுடலை உதிர்த்துச் சிறிய வெண்மீனாய் எஞ்சும் என்பது வானநூலார் துணிபு. எட்மண்ட் ஹேலி என்பார் 1718-ல், இம்மீனும் வேறு சிலவும் பண்டையோர் குறித்த இடத்தினின்று பெயர்ந்துள்ளமை கண்டனர். நிலைமீன் எனப்பட்டதும் நிலையாதாயிற்று.

அற்றேல், இவையனைத்தும் இயல்பினாலேயே நிகழ்தலின் முதல்வன் எற்றுக்கு என வினவுவாருளர். மண் குடமாதற்குரிய இயல்புடையதேனும், குயவனையின்றிக் குடமாகாது. மீன் தன் முதிர்வைத் தான் அறியாது. அறியாத சடம் தன் தொழிலைத் தானே வகுத்துக்கொண்டதென்றல் பொருந்தாது. தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் உடைய உலகிற்கு ஒடுக்கிய முதல்வனே மீளத் தோற்றுவிப்போன் என்பதன்றோ சிவஞானபோத முதற்சூத்திரத்தின் கருத்து? மீன் உதிர்த்த பொருள் பாழ்படாது பிறிதொரு மீனுக்கு வித்தாதல் சற்காரியவாதத்திற்கு ஓர் உவமையாம், பிரமாணமன்று. வானநூற் கொள்கை நாளை மாறினும் சித்தாந்தம் மாறாதென்று தெளிக.

இனி, நாம் சிறப்பாக உணரற்பாலது ஒன்றுண்டு. முதிர்ச்சி வேறு, பக்குவம் வேறு. ஆண்டு மிகுதலும், மாணாக்கர் மிகுதலும், பெயர் பரத்தலும் மலபரிபாகம் ஆகா. உள்ளே செபமும் தியானமும் தேய, வெளியே விழாவும் பட்டமும் விரியுமாயின், காண்பார்க்கு நம் ஒளி பெருகியதாகவே தோன்றும். சுவாதியின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 37 ஆண்டு செல்லும். இன்று நாம் காண்பது அன்று புறப்பட்ட ஒளியே. நம்மைப் புகழ்வார் காண்பதும் பலகாலும் நம் பண்டையொளியே யாதல் கூடும். இன்று உள்ளே யாதுளது என்பதை அறிவார் இருவர்: நாமும், நம்முள் நின்ற சிவனும்.

நம்பியாரூரர் இளமையிலேயே வெள்ளானைமேற் கயிலை சென்றனர் என்பது மரபு. அவர் ஆண்டால் முதிர்ந்திலர், அன்பால் முதிர்ந்தனர்.

ஆகலின், குருபூசை முடிந்து அடியார் அமுதுண்டபின், ஒருகணம் முற்றத்தில் நின்று அம்மீனை நோக்குமின். யான் விரிந்தேனோ, கனிந்தேனோ என்று நெஞ்சை வினவுமின். விடை கசப்பாயினும் தளரற்க. அங்ஙனம் வினவுவித்ததும் அவன் திருவருளே.

திருச்சிற்றம்பலம்.