சேர்த்துவைப்பது மட்டுமா சமரசம்?

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பு வழங்கியது. 25 வயதுப் பெண் ஒருவர் தம் இணையான இன்னொரு பெண்ணுடன் வாழ விரும்பினார். காவல்துறையோ அவரைப் பெற்றோருடன் அனுப்பிவைத்தது. வீட்டில் தம்மை அடித்தார்கள், ‘சரியாக்க’ச் சடங்கெல்லாம் செய்தார்கள் என்று அவர் நீதிபதிகளிடம் முறையிட்டார். அவர் விரும்பியபடி வாழலாம் என்றது நீதிமன்றம். குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தத் தீர்ப்பில் விவாதிக்க நிறைய உண்டு. இங்கே கவலைக்குரியது அதற்கு முந்தைய கட்டம். வயது வந்த பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் முடிவு நம் ஊர்களில் பெரும்பாலும் சமரசம் என்ற பெயரில்தான் எடுக்கப்படுகிறது. காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு இரு தரப்பையும் உட்காரவைத்து, பெரியவர்கள் நாலு வார்த்தை சொல்லி, ‘வீட்டோடு போம்மா’ என்று முடிப்பார்கள். பேச்சு தொடங்கும் முன்பே முடிவு தயாராக இருக்கும். குடும்பத் தகராறில் நடுவராக உட்காருகிறவர், தம் முன்னால் இருப்பவர்களின் சாதி, சமயம், பாலினம், பாலீர்ப்பு, வாழ்முறை ஆகியவற்றின் வேற்றுமையை உள்ளபடி ஏற்றுக்கொண்டே பேச்சைத் தொடங்கக் கடமைப்பட்டவர். அப்படி ஏற்காதவர் நடுவர் அல்லர், வலியவரின் தூதர்.

சட்டமே ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. 1955இன் இந்து திருமணச் சட்டம், மணமுறிவு கேட்டு வருகிறவர்களைச் சேர்த்துவைக்க முதலில் முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதித்தது. 1984இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஒரு படி மேலே போய், திருமணம் என்ற அமைப்பைக் காப்பதில் பற்றுள்ளவர்களையே நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்க முயல வேண்டும் என்றது. 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் நாட்டிலேயே அது முதலாவது. மண வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நல்ல நோக்கங்கள்தாம், வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல். ஆனால் அந்த மேசைக்கு வருகிறவர்கள் யார்? 1967இன் திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் வருகிறார்கள். சாதி மறுத்து மணந்தவர்கள், வெவ்வேறு சமயத்தவர், தனித்து வாழும் தாய்மார், மறுமணம் செய்தவர்கள் வருகிறார்கள். திருநங்கையர் வருகிறார்கள்; தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று மதுரை அமர்வு 2019இல் சொல்லிவிட்டது. இத்தனை வகைக் குடும்பங்களையும் தம் மனத்திலுள்ள ஒரே குடும்பப் படத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததைக் கோளாறு என்று எண்ணுகிற சமரசர் என்ன நீதி தருவார்?

நடுவுநிலைமை என்றால் இரு தரப்புக்கும் ஒரே வார்த்தையைச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, துலாக்கோலை அதில் உவமையாக வைத்தார். கோல் முதலில் தன்னளவில் சமனாக நிற்க வேண்டும், அதன் பிறகே எடை காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. தம் சாய்வை அறியாதவர் தூக்கும் எடை பொய்யெடை. சங்க இலக்கியமும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த வையாவிக் கோப்பெரும் பேகனிடம் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நான்கு புலவர்கள் போய்ப் பேசினார்கள். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அந்தப் பேச்சே. குடும்பச் சமரசத்துக்குத் தமிழில் இதைவிடத் தெளிவான பழஞ்சான்று தேடினாலும் கிடைக்காது. அவர்கள் கண்ணகியிடம் போய்ப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவனிடம் போனார்கள். பரிசிலே வேண்டாம், அவள் துயரைத் தீர் என்றார்கள். சேர்த்துவைக்கத்தானே அவர்களும் முயன்றார்கள் என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அழுத்தம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சோழர் குலத்துக்குள்ளேயே மூண்ட பூசலில் நலங்கிள்ளியிடமும் நெடுங்கிள்ளியிடமும் பேசிய கோவூர் கிழாரும், தன் மகன்கள்மேல் படையெடுத்த கோப்பெருஞ்சோழனைத் தடுத்த புல்லாற்றூர் எயிற்றியனாரும் வாளேந்திய கைகளையே முதலில் பற்றினார்கள்.

தொல்காப்பியம் இன்னும் கூர்மையானது. கணவன் மனைவியரின் ஊடலில் இடைநின்று பேசத் தகுந்தவர்களாக அது பன்னிருவரை அடுக்குகிறது. தோழியும் தாயும் இருக்கிறார்கள். பார்ப்பானும் பாணனும் இருக்கிறார்கள். கூத்தரும் விறலியரும் இருக்கிறார்கள். விருந்தினர், அறிவர், வழியில் கண்டவர்கூட இருக்கிறார்கள். ஆண், பெண், உயர்ந்தோர், எளியோர் என்ற வரம்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு இணையாக, வந்த தூதரைத் தலைவியோ தோழியோ திருப்பி அனுப்பும் வாயில் மறுத்தல் என்ற துறையும் உண்டு. பரத்தையரிடம் போய்த் திரும்பும் தலைவனுக்காக இத்தனை பேர் பரிந்து பேசுவது அந்த மரபின் களங்கம்தான், மறுப்பதற்கில்லை. இருந்தாலும் பலதரப்பட்ட நடுவர்கள், அவர்களை மறுக்கப் பெண்ணுக்கு உரிமை என்ற இரண்டையும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எண்ணிப் பார்த்த மரபு அது. இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் வெட்கமே மிஞ்சும். ஆண்கள் மட்டுமே அமரும் ஜமாஅத்துகள் மணவிலக்கையும் வரதட்சணைத் தகராறையும் பெண்ணை உள்ளே விடாமலே பேசி முடித்தன. அதைக் கண்டு பொறாமல்தான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவருடைய தோழியரும் பெண்களுக்கான ஜமாஅத்தை உருவாக்கினார்கள். இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணவழக்குகளை விசாரிக்கும் காதி பதவியையே ஆண்களுக்கென்று ஒதுக்கியது. தன் வழக்கைப் பேசுகிறவர்களில் தன்னைப்போன்ற ஒருவர்கூட இல்லாத இடத்தில் ஒரு பெண் எதைத்தான் மனம்விட்டுச் சொல்வாள்?

வேற்றுமையை ஏற்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே முன்மாதிரி தந்தது. மதுரையிலிருந்து வந்த இரு பெண்கள், தாங்கள் இணையர் என்றும் பெற்றோரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றும் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். தன்பாலீர்ப்பு உள்ள துணையுடன் வாழ்வதைவிடத் தங்கள் மகள்கள் துறவுபோல் தனியே இருப்பதே மேல் என்று பெற்றோர் எண்ணியது அங்கே வெளிவந்தது. இந்த விஷயத்தில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்பதை நீதிபதி மறைக்கவில்லை. தாமே ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். காவலர் முதல் நீதிபதிகள் வரை பயிற்சி வேண்டும் என்றார். கேள்வி என்றொரு அதிகாரம் வகுத்த குறளை வேதமாகக் கொள்ளும் நாட்டில், கற்றறிந்த ஒருவர் பதவியில் இருந்துகொண்டே இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்வது வியப்பாகப் பார்க்கப்பட்டது! பிறகு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், ஒருவருடைய பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்றும் நோக்கில் கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது என்று நீதிமன்றங்களுக்கே நெறி வகுத்தது. கவுன்சலிங் என்ற சொல்லின் மறைவில் எவ்வளவு வற்புறுத்தல் நடக்கிறது என்பதை நீதிமன்றம் அறிந்திருந்தது.

இனி, எதிர்வாதம். வேற்றுமைக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் ஒவ்வொரு சாதியும் தன் வழக்கம் இது என்று கிளம்பாதா, கட்டப்பஞ்சாயத்துக்குப் பின்வாசல் திறக்காதா என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் அது இந்தக் கொள்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் எழுவது. ஏற்கவேண்டியது மனிதரின் வேற்றுமையை. அவர் பிறந்த கூட்டத்தின் ஆணையை அல்ல. கட்டப்பஞ்சாயத்து என்பது வேற்றுமையின் பரம எதிரி. சாதிக்குள் ஒரே வகைத் திருமணம்தான் இருக்கலாம் என்பதே அதன் ஒரே சட்டம். தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம் அதை வேரோடு ஒழிக்கச் சொன்னது. உசிலம்பட்டிப் பகுதியில் சாதி கடந்து மணந்த பெண் 2014இல் மாண்ட வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகைய இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் இரவுபகல் உதவி எண்ணும் அமைக்க உயர் நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், 2023இன் சமரசச் சட்டம் வகுத்துள்ள சமுதாயச் சமரசக் குழுக்களில் ஊரில் மதிக்கப்படுபவர்களைச் சேர்க்கலாம் என்று இருக்கிறது. ஊரில் யாருக்கு மதிப்பு என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடங்களில், பழைய பஞ்சாயத்தார் மூவர் புதிய அடையாள அட்டையோடு வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? மகளிருக்கும் பிற பிரிவினருக்கும் இடம் தருவதைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நிற்கும் அந்தச் சட்டம், கட்டாயம் தர வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

குடும்பம் உடையாமல் காப்பதும் ஓர் அறம்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. சேர்ந்து வாழ விரும்புகிறவர்களுக்கு வழி அமைத்துக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த அறத்தின் பெயரால் எதையும் செய்யலாம் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015இல் பார்த்தோம். பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவரையும் பாதிக்கப்பட்ட பெண்ணையும் சமரசம் பேச அனுப்பும் உத்தரவு நம் உயர் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. கண்டனம் எழுந்தது, இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது, உத்தரவு அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அச்சம் இருக்கும் இடத்தில் ஒப்புதல் இருக்க முடியாது. அடி வாங்கிய மனைவியும், பூட்டிவைக்கப்பட்ட மகளும், சாதி கடந்து மணந்ததால் ஊரைவிட்டு ஓடிவந்த இளைஞனும் சரி என்று சொல்வதை அவர்கள் மனம் ஒப்பியதாகக் கொள்வது பாவம்.

ஒவ்வொரு தரப்புக்கும் அதே சாதி, அதே சமயம் சார்ந்த சமரசரை எங்கே தேடுவது என்ற கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்படித் தேடவே வேண்டாம். சொந்தச் சாதிக்காரர் நடுவராக வந்தால் வீட்டு விஷயம் ஊரெல்லாம் பரவும் என்று அஞ்சுகிறவர்களே அதிகம். தலித் பெண்ணுக்குத் தலித் சமரசர்தான், முஸ்லிமுக்கு முஸ்லிம்தான் என்று கட்டம் போடுவதும் ஒருவகைத் தீண்டாமையே. வேண்டியவை வேறு. சமரசர் பட்டியலே பலதரப்பட்டதாக இருக்க வேண்டும். சிக்கலான வழக்குகளில் இருவர் சேர்ந்து அமர வேண்டும். கூட்டு அமர்வுக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியே பேசி, அச்சம் ஏதும் உண்டா என்று கேட்டறிய வேண்டும். இந்தச் சமரசர் வேண்டாம் என்று காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமையை முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சமரசருக்கான பயிற்சியில் சட்டப் பிரிவுகளுக்குத் தரும் அதே நேரத்தை, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகத் தேடிப் போன அந்தப் பாடத்துக்கும் தர வேண்டும். எத்தனை இணையரைச் சேர்த்துவைத்தார் என்று சமரசரின் திறமையைக் கணக்கிடும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்தக் கணக்கேட்டை முதலில் மூட வேண்டும். மரியாதையோடு பிரிந்துபோன இருவரையும், பெற்றோர் கடைசிவரை ஏற்காவிட்டாலும் பாதுகாப்பாகத் தம் வழியே போன ஒரு மகளையும் வெற்றிக் கணக்கில் எழுத அதில் இப்போது இடமில்லை.