ஓடியவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

2021 ஜூலையில் டயகமச் சிறுமி ஒருத்தி கொழும்பில் தீக்காயங்களோடு இறந்தபோது மலையகமே கொதித்தது. முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தவள், வயது 16. அதற்கு முன், 2009 ஆகஸ்டில், மஸ்கெலியாப் பகுதியிலிருந்து வீட்டு வேலைக்குப் போயிருந்த இரு சிறுமிகள் பௌத்தாலோக மாவத்தையருகே கால்வாயில் சடலமாகக் கிடந்தார்கள். மூவரில் ஒருத்தியும் வீட்டை விட்டு ஓடியவள் அல்லள்.

நல்லதண்ணிப் பக்கத் தோட்டத்தில் ஒரு பிள்ளை சொல்லாமல் அட்டன் பஸ் ஏறினால் லயமே கூடிவிடும். பொலிசுக்கு ஆள் போகும். பிடிபட்டு வந்தால் அடியும் ஏச்சும் காத்திருக்கும். அதே வயதுப் பிள்ளையைத் தரகர் கூட்டிப்போனால் ஏனென்று கேட்க ஆளில்லை. இரண்டும் போய்ச் சேருவது அதே கொழும்புக்குத்தான். தாய் தகப்பனின் சம்மதம் இரண்டாவதைக் குற்றமற்றதாக்கிவிடுமா? ஆக்காது. ஓடிய பிள்ளையை விசாரிக்குமுன் வீட்டைத்தான் விசாரிக்க வேண்டும்.

நம் முன்னோர் இதில் தடுமாறவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளை வரிசைப்படுத்துகிறார்: பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. இளையவனின் கடமை ஐந்தாவதாகத்தான் வருகிறது. முதல் நால்வரும் தவறிய இடத்தில் ஐந்தாமவனை மட்டும் எப்படிக் கூண்டில் ஏற்றுவது? வள்ளுவரோ, கற்றோர் அவையில் பிள்ளையை முந்தியிருக்கச் செய்வதே தந்தை ஆற்றும் நன்றி என்றார். பிறர் வீட்டு அடுக்களையில் நிறுத்துவதை அல்ல. மணிமேகலையும் பாட்டி சித்திராபதி குறித்துவைத்த வாழ்க்கையை உதறிப் போனவள்தான். அவளை ஓடுகாலி என்று சொல்லத் துணிந்த தமிழ்ப் புலவர் உண்டா?

அன்னையையும் பிதாவையும் தெய்வமாக வைத்தவர் ஔவையார், அதை மறுப்பதற்கில்லை. தெய்வத்துக்கும் காக்கும் கடமை உண்டு.

தோட்டத்துச் சம்பளம் பற்றாது, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம், தாய் வளைகுடா நாட்டில், தகப்பன் கையில் போத்தல் என்ற நிலை பல வீடுகளில் உண்டு. அந்த வறுமை இரக்கத்துக்குரியது. ஆனால் அதன் விலையை 13 வயதுப் பிள்ளை கட்ட வேண்டும் என்று எந்த அறநூலும் சொல்லவில்லை. வேலைக்கான ஆகக் குறைந்த வயதைச் சட்டம் 16 ஆக்கியதும் 2021இல்தான். பெரியவர்களே, சட்டம் பிந்தலாம், நீங்கள் பிந்தலாமா?

மீட்டு வந்த பிள்ளையை எச்சரித்துத் தகப்பனிடம் ஒப்படைத்தால் கடமை முடிந்தது என்று பொலிசார் எண்ணக்கூடாது. ஏன் போனாய் என்று முதலில் கேட்கட்டும். அதையும் தகப்பன் காதில் விழாத இடத்தில் வைத்துக் கேட்கட்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதப்பட வேண்டும், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில்.