மிச்சமான நேரம் யாருக்கு?

வீட்டு வேலையில் நேரத்தை மிச்சம் பிடிக்க என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் மைனி எல்லோரிடமும் சொல்வார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி. அடிப்பிடித்த சட்டியில் உடனே தண்ணீர். சனிக்கிழமை சாயங்காலமே சின்ன வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. காலை ஆராதனைக்கு வேண்டிய பைபிள், பாட்டுப் புத்தகம், காணிக்கை எல்லாம் ஒரே பையில்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வரவு என்று ஒன்று இருந்தால் அது எந்தத் தலைப்பில் செலவானது என்று பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. அப்படிப் பார்த்தால், மிச்சம் பிடித்த அரைமணி நேரம் பெரும்பாலும் இன்னொரு வேலைக்குத்தான் போயிருக்கிறது. வெங்காயம் முந்தினநாளே தயாராக இருந்தால், மறுநாள் குழம்போடு ஒரு பொரியலும் கூடுகிறது. அப்படியானால் மிச்சம் பிடித்து என்ன பயன்?

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு ஆகாரமாக மன்னா விழுகிறது. ஆளுக்கு ஒரு ஓமர். நாளைக்கு இருக்கட்டும் என்று பதுக்கியவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. ஆறாம் நாளில் மட்டும் ஆளுக்கு இரண்டு ஓமர் எடுக்கலாம். அது மறுநாளான ஓய்வுநாளிலும் கெடவில்லை. அதே மன்னா, அதே பாத்திரம். வித்தியாசம் எதற்காக எடுத்துவைத்தார்கள் என்பதில்தான். முன்கூட்டியே செய்துவைப்பதை வேதம் தடுக்கவில்லை. ஓய்வதற்காகச் செய்யச் சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் எகிப்தின் பார்வோன் நிற்கிறான். ஐந்தாம் அதிகாரத்தில் அந்த ஜனங்கள் வனாந்தரத்துக்குப் போய்க் கர்த்தருக்குப் பண்டிகை கொண்டாட விடை கேட்கிறார்கள். சோம்பேறிகள் என்று சொல்லி, செங்கல் அறுக்க வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான்; செங்கல் கணக்கையோ குறைக்கவில்லை. ஒருவருக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சும்போல் தெரிந்தால் அதையும் செங்கல்லாக்கிவிட வேண்டும் என்பது அவன் புத்தி. எகிப்தில் மட்டும் இருந்த புத்தியல்ல அது. என் சமையலறையில் அந்தக் கட்டளையைப் போட்டது பல நாளும் நானேதான்.

ஓய்வுநாள் கட்டளையில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரிசை வருகிறது: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கிற அந்நியன். மாட்டுக்குக்கூட இடம் உண்டு. மனைவியின் பெயர் இல்லை. ‘நீ’ என்றதில் அவளும் அடக்கம் என்று பெரியவர்கள் விளக்குகிறார்கள். இருக்கட்டும். ஆனால் எங்கள் வீடுகளில் அந்த ‘நீ’ அவளைச் சேர்த்துக்கொண்டதா? ஓய்வுநாளை ஆசரிக்கும் யூதக் குடும்பங்களில் அன்று சமைப்பதில்லை. பயறும் கறியும் பார்லியும் சேர்ந்த ‘சோலன்ட்’ வெள்ளி பொழுதடையுமுன் மெல்லிய சூட்டில் ஏறிவிடும். சனி மத்தியானம் அதையே சாப்பிடுவார்கள். நமக்கு ஞாயிறுதான் ஆட்டுக்கறிக் குழம்பு. கோவிலில் ஐயர் இளைப்பாறுதலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது, குக்கரில் எத்தனை விசில் விடலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

மார்த்தாளைப் பற்றிய பிரசங்கங்களில் பாவம் அவளுக்குத்தான் திட்டு விழும். இயேசு வீட்டுக்கு வந்தபோது பற்பல வேலைகளால் வருத்தமடைந்தாள், அவள் சகோதரி மரியாளோ அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள் என்பார்கள். ஆனால் அவள் இயேசுவிடம் கேட்டது வேலையிலிருந்து விடுதலை அல்ல, கூட ஒரு கை. மரியாள் தெரிந்துகொண்ட நல்ல பங்கு அவளைவிட்டு எடுபடாது என்று கர்த்தர் சொன்னார். அந்தப் பங்கு மார்த்தாளுக்கும் வேண்டுமென்றால் இரண்டே வழி: பந்தியில் பதார்த்தம் குறைய வேண்டும், அல்லது வேலை பலர் கைக்குப் போக வேண்டும். ஒருத்தி வேகமாக வேலை செய்வது மூன்றாவது வழி ஆகாது. வேகம் கூடினால் பதார்த்தமும் கூடிவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குக் குழம்பு ஒன்று, ரசம் ஒன்று, அதோடு சரி. சனிக்கிழமை வெங்காயத்துக்கு எல்லோரும் உட்கார வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். வீட்டுக்காரருக்கும் விலக்கு இல்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் ஒருவர் கழுவிக் காட்டாவிட்டால் மற்றவருக்கு வராது என்பதால், கற்றுக்கொள்ள ரொம்பக் கடினமானதும் இதுதான்.

உபாகமத்தில் அதே கட்டளை திரும்பவும் வரும்போது காரணம் மாறுகிறது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்று. ‘உன்னைப்போல’ என்பதே அளவு. வீட்டில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருக்க மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால், அவர்கள் மிச்சம் பிடித்தது தங்கள் நேரத்தை அல்ல, அவளுடையதை.