பந்தின் தரமும் பார்ப்போர் மனமும்

'பெண்கள் ஆடுவதும் ஒரு கால்பந்தா?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேட்பவர் எப்போதும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. வேகம் போதாது, உதையில் வலு இல்லை, உயரமாக வரும் பந்தைக் கோல் கீப்பர் எட்டிப் பிடிப்பதில்லை, ஆகவே பார்க்கச் சுவையில்லை, சுவையில்லாததைப் பார் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போவார். கடைசிப் படிக்கு வரும்போது அவர் சொல்வது நியாயம் போலவே தோன்றும். சுவை அவரவர் உரிமையன்றோ! ஆயினும் இந்தப் பேச்சில் தனித்தனியே பார்க்க வேண்டியவை ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது நம் எண்ணம். ஆட்டத்தின் தரம் ஒன்று. அது நம்மை ஈர்க்கும் ஆற்றல் வேறொன்று. அதை ஆட விரும்புவோருக்கு நாம் கொடுக்கக் கடமைப்பட்ட இடம் இன்னொன்று. தரம் குறைந்தால் ஈர்ப்பு குறையும், ஈர்ப்பு குறைந்தால் இடமும் குறையலாம் என்று கேள்வி கேட்காமலே நம்பிவிடுகிறோம். அந்த முடிச்சைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்போம்.

கண்டாச்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியிலுள்ள இவ்வூரும் சுற்றியுள்ள சிற்றூர்களும் கால்பந்துக்குப் பேர்போனவை அல்ல. கரும்பும் மணிலாவும் விளையும் பூமி இது. அறுவடை முடிந்த நிலத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத்தான் தூக்குவார்கள். ஆயினும் 2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு, அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய ஆடவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இப்பக்கத்திலும் கண்விழித்துப் பார்த்தவர்கள் உண்டு. மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்ற ஆட்டம் அது. மறுநாள் தேநீர்க் கடைகளில் மெஸ்ஸி பேச்சுத்தான்.

எட்டு மாதங்கள் சென்றன. 2023 ஆகஸ்ட் 20, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சிட்னி நகரில் மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம், நம் நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கியது. எவரும் தூக்கத்தை இழக்கத் தேவையில்லாத பொழுது. அரங்கில் 75,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். 29ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் ஓல்கா கார்மோனா இடப்புறத்திலிருந்து ஓடி வந்து, இடக்காலால் தரையோடு தரையாக உதைத்த பந்து எதிர்க்கம்பத்தின் ஓரமாக உள்ளே சென்றது. பிற்பாதியில் ஸ்பெயினுக்குக் கிடைத்த பெனால்டியை இங்கிலாந்தின் கோல் கீப்பர் மேரி இயர்ப்ஸ் பாய்ந்து பிடித்து நிறுத்தினார். அதன் பின் இறுதிவரை ஆட்டம் எந்தப் பக்கமும் சாயக்கூடியதாகவே இருந்தது. அந்த ஒற்றைக் கோலால் ஸ்பெயின் வென்றது. கோப்பையைப் பெற்ற பிறகே கார்மோனாவுக்கு அவருடைய தந்தை இறந்த செய்தி சொல்லப்பட்டது. நம் பக்கத்தில் இதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பார்த்துவிட்டுச் சுவையில்லை என்று சொன்ன எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. பார்க்காமலே அவ்வாறு சொன்னவர்களைத்தான் நிறையச் சந்தித்திருக்கிறோம்.

ஆனாலும் மறுக்க முடியாததை மறுத்து வாதாடுவதில் பயனில்லை. உடலின் வேகத்திலும் வலுவிலும் முதல்நிலை ஆடவர் அணிக்கும் முதல்நிலை மகளிர் அணிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க மகளிர் அணி, 2017இல் டல்லாஸ் நகரத்துக் கழகமொன்றின் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களோடு பயிற்சியாக ஆடி, இரண்டுக்கு ஐந்து என்று தோற்றது. பெண்கள் கால்பந்தைப் பழிப்போர் இந்தச் செய்தியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். செய்தி உண்மைதான். அது எதைக் காட்டுகிறது? பருவம் எய்தும் ஆண்பிள்ளையின் தசையும் எலும்பும் எவ்வாறு வளர்கின்றன என்பதைக் காட்டுகிறது. அதைப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் எவரும் முன்னரே அறிவார்.

அறிந்ததனால்தான் மற்ற விளையாட்டுகளில் அளவுகளை மாற்றியிருக்கிறார்கள். கைப்பந்தில் ஆடவருக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், மகளிருக்கு 2.24 மீட்டர். குண்டெறிதலில் ஆடவர் எறிவது 7.26 கிலோ, மகளிர் எறிவது 4 கிலோ. தடை ஓட்டத்தில் தடையின் உயரமே வேறு. இவற்றைப் பார்த்து எவரும் 'இதுவும் ஒரு கைப்பந்தா?' என்று கேட்பதில்லை. கால்பந்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. அதே 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோல், அதே பந்து, அதே தொண்ணூறு நிமிடம். ஆணின் உயரத்தைக் கொண்டு அமைத்த வாயிலில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே சென்ற பந்தை அவள் பிடிக்கவில்லை என்று நாம் சிரிக்கிறோம். கோலைச் சிறிதாக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அளவுகோலை யார், யாருக்காகச் செய்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அளக்கலாமே என்றுதான் சொல்கிறோம்.

சூரிச் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் பங்குகொண்ட ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. 600க்கும் மேற்பட்டோருக்கு ஆடவரும் மகளிரும் அடித்த கோல்களைக் காணொளியாகக் காட்டி மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஆடுவோர் ஆணா பெண்ணா என்று தெரிந்தபோது ஆடவர் கோல்களுக்கு மதிப்பெண் கூடியது. உருவங்களை மங்கலாக்கி, யாரென்று தெரியாதபடி காட்டியபோது இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாமற் போயிற்று. இதைக் கொண்டு இரண்டு ஆட்டமும் ஒன்றே என்று கூத்தாட வேண்டியதில்லை. காட்டப்பட்டவை பொறுக்கி எடுத்த கோல்கள், முழு ஆட்டங்கள் அல்ல. ஆனால் நாம் 'தரம்' என்று சொல்வதில் ஒரு பகுதி பந்தில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இனி ஈர்ப்பைப் பார்ப்போம். மிகச் சிறந்ததைத்தான் மனிதர் விரும்புவர் என்பது உண்மையானால், உள்ளூர்ப் போட்டிகளுக்கு ஒருவரும் வரக்கூடாது. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நடக்கும் ஆட்டங்களைப் பாருங்கள். வெயிலில் வரப்பு மேட்டில் நின்று, தொண்டை கட்டும்வரை கத்துகிறோம். அங்கே ஆடுபவன் மெஸ்ஸியா? பந்து பாதி நேரம் கோட்டுக்கு வெளியேதான் கிடக்கும். ஆனாலும் போகிறோம். அவன் நம் தெருப் பையன், எதிரணி பக்கத்து ஊர், போன ஆண்டுத் தோல்விக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பழக்கமும் உறவும் கதையும் சேர்ந்துதான் ஓர் ஆட்டத்தை நமதாக்குகின்றன. உலகின் தலைசிறந்த ஆடவரோடு ஒப்பிட்டு 'தரமில்லை' என்று தள்ளும் அளவுகோலை நாம் உள்ளூர்ப் பையன்களிடம் நீட்டுவதில்லை. பெண்பிள்ளைகளிடம் மட்டும் நீட்டுகிறோம்.

இந்திய ஆடவர் அணியிடமும் நீட்டுவதில்லை. உலகத் தரவரிசையில் அது நூறாவது இடத்துக்கும் கீழே கிடக்கிறது. 2027 ஆசியக் கோப்பைக்கும் அது தகுதி பெறவில்லை. மகளிர் அணியோ 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அந்நாட்டு மண்ணிலேயே இரண்டுக்கு ஒன்று என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதன் தரவரிசை எண்ணும் ஆடவர் அணியினதைவிட வெகுவாக மேலானது. உலகில் மகளிர் கால்பந்தை முனைந்து வளர்க்கும் நாடுகள் குறைவாதலால் அந்த எண்ணை அப்படியே ஒப்பிடுவது முறையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும், 'தரத்தை மட்டுமே பார்க்கிறோம்' என்பவர்கள் தங்கள் அன்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஈர்ப்பு தானாக வரவில்லை, ஆகவே இடம் தரவில்லை என்கிறார்கள். வரலாறோ தலைகீழாக இருக்கிறது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், போர்த் தளவாடம் செய்த டிக், கெர் தொழிற்சாலையின் பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். காயமுற்ற போர்வீரருக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டவே பெரும்பாலும் ஆடினார்கள். 1920ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமின்றி மேலும் பல்லாயிரவர் திரும்பிப் போனார்கள். ஈர்ப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஓராண்டுகூட நிறையவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாதது என்று கூறி ஒரு தீர்மானம் இயற்றியது. பெண்கள் ஆடக்கூடாது என்று அது நேரடியாகத் தடுக்கவில்லை. தன் உறுப்புக் கழகங்கள் எவையும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்றது. அவ்வளவே போதுமானதாயிற்று. பெரிய அரங்குகளை இழந்த பெண்கள் பூங்காக்களிலும் கிடைத்த வெளிகளிலும் ஆடினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. நிலத்தை இரண்டு தலைமுறை உழவிடாமல் தரிசாகப் போட்டுவிட்டு, விளைச்சல் இல்லையே என்று அதன்மேல் குறை சொல்வது எந்த வேளாண்மை?

நம் நாட்டில் அத்தகைய தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. வழக்கமே அந்த வேலையைச் செய்தது. அரைக்கால் சட்டை, வெயிலில் கறுத்த முகம், காலில் தழும்பு, 'நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்' என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் பிள்ளைமேல் பாசமுள்ளவராகவே இருப்பார் என்பதுதான் வேதனை.

இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. 1993வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடம் ஆடக் கற்ற பெண்களுள், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்தவர்களும் இருந்தார்கள். கடலூர் மண்ணிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குச் சென்றார். காவல்துறையில் உதவி ஆய்வாளரான அவர், 2020 பெருந்தொற்றின்போது சென்னையில் காவல் பணியில் நின்றார். சந்தியா ரங்கநாதனும் அம்மாவட்டத்தவரே. 2018இல் கட்டாக் நகரில், பன்முறை வாகை சூடிய மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, தமிழகப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொணர்ந்தார்கள். 2019இல் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் தேசியக் கோப்பை மீண்டும் தமிழகத்துக்கு வந்தது. பழைய தென்னாற்காட்டுப் பெண்ணொருத்தி இந்தியாவுக்கு ஆடுகிறாள் என்பதை, மெஸ்ஸியின் பிறந்தநாளை அறிந்த நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழையையும் குறிப்பிட வேண்டும். பரிதாபத்தால் கைதட்டுவது ஒன்று உண்டு. பெண்பிள்ளை பந்தைத் தொட்டாலே 'ஆகா' என்பார்கள். தவறான உதையைத் தவறென்று சொல்லமாட்டார்கள். இதுவும் அவமதிப்பே. பயிற்சிக்கு வரும் சிறுமி கேட்பது புகழ்ச்சியன்று. பையனிடம் கத்துவது போலவே தன்னிடமும் 'பந்தை விடாதே, திரும்பிப் பார்' என்று கத்தும் ஒருவரைத்தான் அவள் கேட்கிறாள்.

ஊதியக் கணக்கில் நமக்கு அவ்வளவு சண்டையில்லை. 2022 ஆடவர் உலகக் கோப்பையின் பரிசுத்தொகை 44 கோடி டாலர், 2023 மகளிர் கோப்பைக்கு 11 கோடி டாலர். காசு கொடுத்துப் பார்ப்பவர் பெருகினால் அந்தக் கணக்கு மாறும், மாறியும் வருகிறது. மைதானத்தின் கணக்கு அப்படிப்பட்டதன்று. அது சந்தைச் சரக்கில்லை. அரசுப் பள்ளியின் திடலாயினும், நம் பங்குகளும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளின் திடலாயினும், அது பிள்ளைகள் எல்லாருக்குமாக விடப்பட்ட நிலம். 'யார் நன்றாக ஆடுகிறாரோ அவருக்கே திடல்' என்ற விதியை அங்கே வைத்தால், திடல் கிடைத்தவன் மேலும் நன்றாக ஆடுவான், கிடைக்காதவள் என்றும் ஆடமாட்டாள். பிறகு அந்த வேற்றுமையையே சுட்டிக்காட்டி அடுத்த ஆண்டும் திடலை அவனுக்கே கொடுக்கலாம்.

நடைமுறையில் இது மாலை ஒன்றரை மணிநேரத்தைப் பற்றிய செய்தி. கண்டாச்சிபுரத்தைப் போன்ற ஊர்களில் பள்ளி விடும்போது மணி நான்கைத் தாண்டிவிடும். மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். மணி அடித்ததும் பையன்கள் திடலின் நடுவில் ஸ்டம்பை ஊன்றிவிடுகிறார்கள். பெண்கள் சுவரோரத்தில் நிற்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், சிற்றூருக்குச் செல்லும் பேருந்து வருகின்ற நேரத்தில்தான் வரும். அதைத் தவறவிட்டால் பிள்ளைக்கு மறுநாள் ஆட்டமில்லை, சில வீடுகளில் பள்ளியே இல்லை. ஆகவே பெண்களைப் பயிற்றுவிக்க விரும்பும் ஆசிரியர்கள் காலை ஆறு மணியைத் தேர்ந்துகொள்கிறார்கள். பையன்கள் எழுந்து வருமுன் திடல் காலியாக இருக்கும் என்பதே காரணம். வாரத்தில் இரண்டு மாலைகளை, நடுத்திடலோடு சேர்த்து, பெண்களுக்கென்று தலைமையாசிரியர் எழுதி ஒட்டினால் போதும். அதற்கு நிதி வேண்டாம், ஆணை வேண்டாம். பேருந்து வரும்வரை ஆடலாம்.