பார்வைக் கௌதாரி

ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே, மனைக்கற்கள் நடப்பட்டும் வீடுகள் எழாத முள்வெளிகளில், விடியற்காலையில் கௌதாரியின் குரலை நாம் கேட்பதுண்டு. பறக்க வல்லதாயினும் ஓடி ஒளிவதையே விரும்பும் பறவை அது. அதன் உறவான மணற்கௌதாரி, சாக்கடலின் மேற்குக் கரையில், சவுலுக்கு அஞ்சித் தாவீது மறைந்திருந்த ஏன்கேதியின் பாறைகளிடையே வாழ்கிறது. மலையில் வேட்டையாடப்படும் கௌதாரியைப் போலத் தம்மைத் துரத்துவதேன் என்று தாவீது முறையிட்டதை நாம் அறிவோம். எபிரேய மொழியில் அப்பறவையின் பெயருக்கு 'அழைப்பது' என்றே பொருள்.

அந்த அழைப்பே அதற்குக் கேடாயிற்று. பழக்கிய கௌதாரியைக் கூண்டிலிட்டுப் புதரருகே வைத்துச் சுற்றிலும் கண்ணி பரப்புவார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். இவ்வாறு தன் இனத்தை ஈர்க்க வைக்கப்படும் உயிரைப் 'பார்வை' என்பது பழந்தமிழ் வழக்கு. புறநானூற்றின் 320-ஆம் பாடலில், பார்வை மானோடு காட்டுக்கலை ஒன்று களித்திருப்பதைக் கண்ட வேடன் மனைவி, அது அஞ்சி அகன்றுவிடுமே என்று ஓசையின்றி இருந்துவிடுகிறாள். கண்ணிக்கு உரியவர் வீட்டிலும் இரக்கம் பிறக்கத்தான் செய்கிறது!

சீராக்கின் ஞான நூல் செருக்குற்றோரின் உள்ளத்தைக் கூண்டுக் கௌதாரிக்கு ஒப்பிடுகிறது. இங்கே நமக்கோர் ஐயம். அப்பறவை துரோகியா? இது என் நிலம் என்று அது கூவுகிறது. போரிட வந்த காட்டுச் சேவல் சிக்கிக்கொள்கிறது. அரிஸ்டாட்டிலே இதைக் குறித்திருக்கிறார். கூவிய பறவையிடம் வஞ்சமில்லை. அழிவுக்குக் கருவியானது மட்டும் உண்மை.

நம் பங்கில் ஒருவர், மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் முதலில் சேர்ந்தார். சில மாதங்கள் வட்டி வந்தது. மைத்துனரை அழைத்தார், தம் பிள்ளையின் ஞானத்தாயை அழைத்தார், அன்பியத்தில் பாதிப்பேர் சேர்ந்தனர். ஒருநாள் நிறுவனம் பூட்டிக் கிடந்தது. அவர் பணமும் போயிற்று.

"நானும் ஏமாந்தவன்தானே?" என்று அவர் கேட்டபோது நாம் உடனே ஆமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அறியாமையிலும் நீக்கக்கூடியது, நீக்கவியலாதது என இருவகை உண்டென்று திருச்சபையின் அறநெறி பிரித்துக் காண்கிறது. ஆள் சேர்த்ததற்கு அவருக்குத் தரகு கிடைத்தது. இவ்வளவு வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஒருமுறை வாயெடுத்ததாகவும், பிறகு கேட்காமல் விட்டதாகவும் அவரே சொன்னார். கௌதாரிக்கு அப்படியொரு கணம் வாய்ப்பதில்லை.

இப்போது மாதந்தோறும் தம் ஓய்வூதியத்தில் ஒரு சிறுதொகையை எடுத்துக்கொண்டு, தாம் அழைத்தவர்களின் வீடுகளுக்கு அவர் போய்வருகிறார். மைத்துனர் இன்னும் கதவைத் திறக்கவில்லை.