வெறுங்குளம்பு

சிங்கப்பூரின் தேக்காவில் ரேஸ்கோர்ஸ் ரோடு இருக்கிறது. சற்றுத் தள்ளி எருமைச் சாலையும் இருக்கிறது. கால்நடைகள் நடந்து பழகிய மண் இது. 1842இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கிளப், மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கே தன் முதல் குதிரைப் பந்தயத்தை நடத்தியது. 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது, 1999இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு குதிரை என்றாலே என் நினைவுக்கு முதலில் வருவது அதன் பாதம். லாடத்தைக் கழற்றிய பின் அந்தப் பாதத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?

*

குளம்பைக் கையில் ஏந்திப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் மரக்கட்டை. ஏந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சூடு இருக்கிறது. வெளிச்சுவர் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேலே, ரோமம் முடியும் விளிம்பில் இன்று முளைப்பது முன்நுனிக்கு இறங்கி மண்ணைத் தொட ஓராண்டு ஆகிவிடும். ஆகையால் குளம்பின் சுவரைப் பார்த்தால் குதிரை கடந்த ஓராண்டை எப்படிக் கழித்தது என்பது தெரிந்துவிடும். காய்ச்சலும் தீவன மாற்றமும் அதில் வளையம் வளையமாகப் பதிந்திருக்கும்.

அடிப்புறத்தில், குதிகால் பக்கமிருந்து நடு நோக்கி, முக்கோணமாக ஒரு திண்டு. தொட்டால் ரப்பர் பதம். குதிரை கால் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி இம்மியளவு விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. நானூற்றைம்பது ஐந்நூறு கிலோ உடம்பின் அதிர்ச்சியை இந்த விரிவும் திண்டும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. ரத்தம் மேலேறவும் அதே அசைவு துணைசெய்கிறது. இரும்பு லாடத்தை ஆணியடித்து இறுக்கினால் அந்த விரிவு குறைந்துபோகிறது. லாடமே கூடாது என்று இதற்காகச் சொல்லிவிட மாட்டேன். நோயுற்ற குளம்புக்கும், வளர்வதைவிட வேகமாகத் தேய்கிற குளம்புக்கும் லாடம் தேவைப்படும். ஆனால் பழக்கத்தின் பேரில் மட்டும் அடிக்கப்படும் லாடங்கள் ஏராளம்.

*

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய ஒரு செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பாண்டிய அரசர்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. குதிரையைப் பேணத் தெரியவில்லை, லாடம் கட்டி வைத்தியம் பார்க்கும் ஆளும் நாட்டில் இல்லை என்கிறார் அவர். அத்தகைய ஆட்கள் அங்கே போய்விடாதபடி வணிகர்களே தடுத்தார்களாம், விற்பனை குறைந்துவிடும் என்று.

ஒரு வெளியூர்க்காரரின் பார்வை இது, மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனாலும் நம் கோயில் மண்டபங்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைப் பார்க்கும்போது இந்தச் செய்தி கூடவே வருகிறது. சிற்பி குளம்பை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறான்! உயிருள்ள குதிரையின் குளம்பையும் ஒருவர் அதே அக்கறையோடு பார்த்திருக்கலாமே.

*

பண்டைய கிரேக்கத்தில் குதிரைகளுக்கு ஆணி லாடம் கிடையாது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் ஜெனஃபன், லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின் மேல் குதிரையை நிற்கவிடச் சொல்கிறார். தினம் அந்தக் கல்லில் மிதித்து மிதித்துக் குளம்பு தானே உறுதிப்படும். ஈரமான, வழவழப்பான தரை குளம்பைக் கெடுக்கும் என்றும் எச்சரிக்கிறார். எந்தத் தரையில் நடக்கப் போகிறதோ அந்தத் தரைதான் பாதத்தை உருவாக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் குதிரைப்படைக் காவலர்கள் தங்கள் குதிரைகளின் லாடத்தைக் கழற்றிவிட்டார்கள். அதுவும் சிங்கப்பூரைப் போலவே வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர். வெறுங்குளம்புடன் அந்தக் குதிரைகள் தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தரையிலும் பணிசெய்தன. நனைந்த தாரில் இரும்பு வழுக்கும், வெறுங்குளம்பு பற்றிக்கொள்ளும். காவல் குதிரைக்கு அது சின்ன லாபமில்லை.

*

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை காவடி எடுத்து வெறுங்காலில் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க ஷூவுக்குள் கிடந்த பாதம் பாதி வழியிலேயே கொப்பளித்துவிடும். விரதம் தொடங்கிய நாளிலிருந்தே வெறுங்காலில் நடந்து பழகியவரின் பாதம் தாங்கிக்கொள்ளும். குதிரைக்கும் இதே கதைதான். லாடம் கழற்றிய மறுநாளே தார்ச்சாலையில் சவாரி போனால் நொண்டத்தான் செய்யும். உடனே, பார்த்தீர்களா, லாடமில்லாமல் முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குதிரைக்குத் தேவைப்பட்டது சில மாத அவகாசம்.

முதலில் மிருதுவான தரையில் நடை. பிறகு ரோட்டில் சிறிது தூரம், நடை மட்டுமே. தாரில் துள்ளோட்டம் வேண்டாம். கூசுகிற நாளில் குளம்புக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிடலாம். நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை அரம் போட்டு விளிம்பை உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பிளந்து தெறிக்கும். நடை மாறுகிறதா என்று காதாலும் கேட்க வேண்டும். சரியாக நடக்கும் குதிரையின் காலடி சீராகக் கேட்கும். எங்கோ வலித்தால் ஒரு அடி மட்டும் மெலிந்து விழும்.

*

சிங்கப்பூரில் குளம்புக்கு ரோட்டைவிடப் பெரிய எதிரி ஈரம். காலையில் மழை, மத்தியானம் கொளுத்தும் வெயில், சாயங்காலம் மறுபடி மழை. ஊறுவதும் காய்வதுமாக இருந்தால் குளம்பு பதம் கெட்டு ஆணி பிடிக்காமல் உதிரும். அந்த முக்கோணத் திண்டின் பள்ளங்களில் சாணமும் ஈரமும் தங்கினால் கருப்பாகக் கசிந்து நாறும் அழுகல் பிடிக்கும். மருந்து பிறகு. உலர்ந்த படுக்கை, தினமும் குளம்பைக் கொக்கியால் சுரண்டித் துடைக்கும் கை, இவை இரண்டும் முதலில். அதோடு தீவனமும் கவனிக்கப்பட வேண்டும். பந்தயக் குதிரைக்குக் கொடுத்த தானியத்தை ஓய்வுபெற்ற குதிரைக்கும் கொடுத்தால், மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து குளம்பின் உள்திசு வீங்கும். லாமினைட்டிஸ் என்பார்கள். குதிரையைத் தரையில் கால் வைக்கவிடாத வலி அது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு வந்த பயணிகளின் குறிப்புகளில் குதிரை வண்டியோடு கூடவே ஓடும் சைஸ் என்ற குதிரைக்காரர் வருகிறார். வண்டியில் ஏறாமல் கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைக்குப் பக்கத்தில் ஓடுவார். பவேயான் தீவினர், மலாய்க்காரர், தமிழர் என்று இந்தத் தொழிலில் பலர் இருந்தார்கள். பிற்காலத்தில் பந்தய லாயங்களிலும் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து கால்களைக் கழுவி, குளம்பைத் துடைத்து வாழ்ந்தார்கள். வென்ற குதிரையின் பெயரும் அதை ஓட்டிய ஜாக்கியின் பெயரும் பதிவாகின. தினம் நான்கு கால்களைத் தூக்கிப் பார்த்தவர்களின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது அந்தக் கைப்பழக்கத்தைக் கேட்டு எழுதினால் அது பெரிய தொண்டு.

*

கிராஞ்சி நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்ப வேண்டும். அங்கே ஓடிய குதிரைகள் பல வெளிநாடு போயின. பந்தயத்துக்கு அடித்த மெல்லிய அலுமினிய லாடம் இனி அவற்றுக்குத் தேவையில்லை. அப்படி ஒன்றை வாங்கி வளர்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், லாடத்தைக் கழற்றிய பிறகு ஓராண்டு பொறுங்கள், புதுக்குளம்பு மேலிருந்து முழுதாக இறங்கி வரட்டும். எந்த நாளும் நான்கு கால்களையும் தூக்கிப் பார்க்காமல் சேணம் பூட்டாதீர்கள்.